'எல்லாம் நார்மல்' என்று சொன்னால் போதுமா?

"உடம்பெல்லாம் அசதி டாக்டர்... ராத்திரி தூக்கமே இல்லை. நெஞ்சு படபடங்குது, சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

நம் வீட்டுப் பெண்கள் டாக்டரிடம் சொல்கிற வார்த்தைகள் இவை. ஆண்கள் என்றால் 'கேஸ் ட்ரபிள்', 'முதுகுவலி' என்பார்கள். 'மனசு சரியில்லை' என்று வாய் திறந்து சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. டாக்டரும் ரத்தம், இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்மா, கவலைப்படாம இருங்க" என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கவலைப்படாமல் இருக்க முடிந்தால் அவர் ஏன் டாக்டரிடம் வரப்போகிறார்?

டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது, மனம் விட்டுப் பேசவைக்க அவருக்கு நேரம் ஏது? மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், 'பைத்தியம்னு நினைச்சுட்டாங்கன்னா..?' என்ற பயம். அப்படியே துணிந்தாலும், பல ஊர்களில் அப்படி ஒரு டாக்டரே கிடையாது. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை!

இதற்கு வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குடும்ப டாக்டரின் கிளினிக்கிலும், மனச்சோர்வையும் பதற்றத்தையும் கண்டுபிடித்துக் கைகொடுக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் டாக்டராக இருக்க வேண்டும் என்பதில்லை.

'மனநோயைச் சாதாரண ஆட்கள் எப்படிக் குணப்படுத்துவது?' என்று கேட்கத் தோன்றும். கோவாவில் செய்து பார்த்துவிட்டார்கள். டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு, 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. மனநலத்தில் முன்படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு இருந்தது லேசான சோர்வு அல்ல, நல்ல தீவிரமான மனச்சோர்வு. வழக்கமான கவனிப்போடு இந்த ஆலோசனையும் பெற்றவர்களில், மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். ஆலோசனை பெறாதவர்களில் தேறியது 39 சதவீதம்தான்.

என்ன மந்திரம் செய்தார்கள்? ஒன்றுமில்லை! மனம் சோர்ந்தவர் முதலில் கோலம் போடுவதை விடுவார். பிறகு கோயிலுக்குப் போவதை, அக்கம்பக்கத்தில் பேசுவதை விடுவார். விட விட, சோர்வு இன்னும் அழுத்தும். 'மனசு சரியானதும் செய்யலாம்' என்று காத்திராமல், சின்னதாக ஒரு வேலையை முதலில் செய்யவைப்பதுதான் இந்த முறை. ஆறு முதல் எட்டு சந்திப்புகள். வீட்டுப் பிரச்னைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வழி தேடவும் உதவுவார்கள்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு நாள் வகுப்பு நடத்தி சர்டிபிகேட் கொடுத்தால் இது நடக்காது. கோவாவில் ஆலோசகர்கள் பேசியதைப் பதிவுசெய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, தவறுகளைத் திருத்தினார்கள். அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பது லேசான வித்தை அல்ல. தம்மால் முடியாதவரை உடனே மனநல மருத்துவரிடம் அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி.யும் சுகரும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அப்படி வருகிறவர் கூடவே இரண்டு கேள்வி கேட்டால் என்ன? 'கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா? மனசு பாரமாக, நம்பிக்கையே இல்லாமல் இருக்கிறதா?' உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிற கேள்விகள்தான் இவை. 'ஆமாம்' என்று பதில் வந்தால், அடுத்து என்ன செய்வது என்று கேட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி!

உங்கள் பங்கும் இருக்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தூக்கமின்மையோடு மனப்பாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது 'செத்துப் போயிடலாம்போல இருக்கு' என்றால், 'சும்மா சொல்றா' என்று ஒதுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 14416 என்ற இலவச டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் பேசலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட யாரும் வெட்கப்படுவதில்லை. மனசுக்கு உதவி கேட்க மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?