நடந்துகொண்டே மனம் திறப்போம்



உளவியல் ஆற்றுப்படுத்துதல் என்றதும் மூடிய அறையும், எதிரெதிரே இரண்டு நாற்காலிகளும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆற்றுப்படுத்துநர் பலர் அந்த அறையைவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள். மனம் நொந்தவரோடு பூங்காவிலும் ஆற்றோரத்திலும் நடந்துகொண்டே அவர் சொல்வதைக் கேட்கிறார்கள். 2020-இல் கொரோனா பெருந்தொற்று அறைக் கதவுகளை மூடியபோது இம்முறை மேலும் பரவியது.

இது முற்றிலும் புதியதும் அல்ல. நோயாளியைச் சாய்விருக்கையில் படுக்கவைத்துப் பேசச் செய்தவர் எனப் பெயர்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, 1910 ஆகஸ்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் இசைமேதை குஸ்தாவ் மாலரைச் சந்தித்தார். மண வாழ்வில் ஏற்பட்ட விரிசலால் மாலர் நொறுங்கிப் போயிருந்தார். இருவரும் ஏறத்தாழ 4 மணி நேரம் நகரில் நடந்துகொண்டே பேசினார்கள்.

நடை ஏன் உதவுகிறது? எதிரே அமர்ந்தால் விசாரணை போலத் தோன்றும். அருகே நடந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை. கண்ணீரை மறைக்க வேண்டியதில்லை. இடையில் வரும் மௌனமும் சுமையாவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம், கவலையையே திரும்பத் திரும்ப அசைபோடும் மனநிலை குறைந்திருந்தது. வாகனங்கள் நெரியும் சாலையோரம் நடந்தவர்களிடம் அம்மாற்றம் இல்லை. ஆயினும் இது நலமுள்ள சிலரிடம் மட்டும் நடத்தப்பட்ட சிறிய ஆய்வு. நடந்தால் மனநோய் தீரும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

விவிலியம் இதை நமக்கு எப்போதோ காட்டியிருக்கிறது. சாக விரும்பிய எலியாவுக்கு வானதூதர் அறிவுரை கூறவில்லை. உறங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், பிறகு ஓரேபை நோக்கி நடக்கச் செய்தார் (1 அர 19). எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் முதலில் கேள்வி கேட்டார். சீடர்கள் தம் ஏமாற்றத்தை முழுவதும் கொட்டித்தீர்க்கும்வரை பொறுத்திருந்தார். பிறகே பேசினார் (லூக் 24). அவர்கள் எருசலேமைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அப்படியிருந்தும் அவர் உடன் நடந்தார்! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013-இல் வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில், உடன் பயணிக்கும் கலையைத் திருஅவையினர் அனைவரும் கற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

நம் நிலை என்ன? 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு உள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை. 2022-இல் மட்டும் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசின் குற்ற ஆவணம் கூறுகிறது. இவர்களுள் எத்தனை பேர், “நன்றாகச் செபி, எல்லாம் சரியாகும்” என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்பட்டார்களோ! ஒப்புரவு அருளடையாளம் பாவத்தை மன்னிக்கிறது. ஆனால் மனச்சோர்வு பாவம் அல்ல, அது நோய். அதற்கு மருத்துவரும் தேவை, கேட்கும் செவியும் தேவை.

மேலைநாட்டு முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா? நம் ஊரில் யார் யாரோடு நடக்கிறார் என்பதே மறுநாள் செய்தியாகிவிடும். பேசுவது பிறர் காதில் விழலாம். தனியாக ஒரு பெண் நடந்து பேசினால் அவள்மீதே பழி விழும். எனவே, வருபவரின் முழுச் சம்மதம், பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர், பெண்களுக்குப் பெண் துணை, பாதுகாப்பான இடம், காதில் விழுந்ததைக் காக்கும் நாவடக்கம் ஆகியவை கட்டாயம் தேவை. நடக்க இயலாதவருக்கு நாற்காலியும் இருக்கட்டும்.

இதற்கான வித்து நம்மிடமே இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்காகக் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்கள், செபமாலையோடு தங்கள் வீட்டுத் துயரங்களையும் வழித்துணைவரிடம் இறக்கி வைக்கிறார்களே! கடனும், குடியும், பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அங்கே பேசப்படுகின்றன. அந்தக் கேட்கும் மனம் திருவிழா முடிந்ததும் ஏன் முடிய வேண்டும்?

பங்குகளில் பயிற்சி பெற்ற அருள்சகோதரியரும் பொதுநிலையினரும் உண்டு. அவர்களை அழைத்து, நம் அன்பியங்களில் சிலருக்காவது கேட்கும் கலையைக் கற்றுத்தரச் சொல்வோம். வாரம் ஒரு மாலை, கோவில் வளாகத்து மரநிழலில் சோர்ந்திருப்பவரோடு நடப்போம். நிலை தீவிரமாக இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அரசின் ‘டெலி மானஸ்’ 14416 என்ற இலவச உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அதை வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

எம்மாவுச் சீடர்கள் அந்த இரவே எருசலேமுக்கு, தம் சமூகத்துக்குத் திரும்பினார்கள். நம் தெருவில் தனியே நடந்து விலகிப் போகிறவர் யார்? இன்று அவரோடு சிறிது தூரம் நடப்போமா? சிந்திப்போம், செயல்படுவோம். வழிநடையில் துணையாய் வந்த ஆண்டவர் நம்மோடும் இருப்பாராக!