வெலிகம யாருக்கு மலிவு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெலிகம கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை இளநீர் குடித்துக்கொண்டே கணக்குச் சொல்கிறார். மாதம் 1000 டொலர் இருந்தால் போதுமாம். அறை, சாப்பாடு, ஸ்கூட்டர், அலைச்சறுக்குப் பலகை எல்லாமே அதற்குள் அடங்கிவிடுமாம். தன் நாட்டில் அந்தக் காசுக்கு ஒரு அறைகூடக் கிடைக்காதாம். குழுவில் நம்மவர்கள் "மாஷா அல்லாஹ், நாட்டுக்கு நல்ல விளம்பரம்" என்று எழுதினார்கள். நானும் ஒன்றும் யோசிக்காமல், வெலிகமவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மாமி மகளுக்கு அதை அனுப்பிவைத்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: "நானா, இவங்கட மலிவாலதான் நாங்க டவுனை விட்டு வந்தோம்."

அந்த வரிக்குப் பிறகுதான் நான் பேனையும் தாளும் எடுத்து உட்கார்ந்தேன்.

1000 டொலர் என்றால் இன்றைக்கு ஏறத்தாழ 3 லட்சம் ரூபா. நம்ம பக்கத்துத் தோட்டங்களில் 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. இப்போது இன்னும் கூட்டியிருக்கிறார்கள், இருந்தாலும் கணக்குக்கு அதையே எடுப்போம். மாதம் 25 நாள் கொழுந்து பறித்தாலும் 33,750 ரூபாதான். ஆக, அந்தப் பிள்ளை "மலிவு" என்று சொல்லும் ஒரு மாதச் செலவு, ஒன்பது தோட்டத் தொழிலாளிகளின் மாத உழைப்பு. அரச ஊழியர்களுடைய ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ஆக இருந்தது, அதை 40,000 ஆக்குவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, தவணை முறையில் கொடுக்கிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களுடைய கணக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள்.

வெலிகம எப்படி இவ்வளவு மலிவானது? கடலும் மணலும் முன்பும் அங்கேதான் இருந்தன. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். மே மாதம் அது 360ஐத் தொட்டது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம். நாம் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், டொலர் வைத்திருந்தவருக்கு இந்த நாடு சும்மா இருக்க இருக்க மலிவாகிக்கொண்டே போனது. அவர் ஒன்றும் பிழை செய்யவில்லை. ஆனால் அவர் வீடியோவில் காட்டும் "இலங்கையின் அழகான விலை" நம்முடைய பணம் விழுந்த பள்ளம். இது புரியாமல்தான் நாம் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டுக்காரருக்கு அந்தக் குடாவின் மேல் ஆசை வருவது புதிதல்ல. வெலிகம கரையிலிருந்து பார்த்தால் ஒரு குட்டித் தீவு தெரியுமே, ஊரார் கல்தூவ என்பார்கள். 1920களில் டி மௌனி என்ற ஐரோப்பியப் பிரபு ஒருவர் அதில் மாளிகை கட்டினார். 1950களில் போல் போல்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் அதை வாங்கிச் சில வருடம் வைத்திருந்தார். இப்போது அது வசதியுள்ளவர்கள் வாடகைக்கு எடுக்கும் விடுதி. அன்று வந்தது ஒரு பிரபு, ஒரு எழுத்தாளர். அவர்களால் ஊரில் வாடகை ஏறவில்லை. இன்று அஹங்கமவிலிருந்து மிதிகம, வெலிகம, மிரிஸ்ஸ வரைக்கும் கடலோரம் முழுக்க லெப்டொப்பில் வேலை செய்துகொண்டு மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். வேலை ஐரோப்பாவில், சம்பளம் ஐரோப்பாவில், சமையலறை மட்டும் வெலிகமவில்.

போன வருடம் ஏப்ரல் விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். தெற்கு அதிவேகப் பாதையில் கொக்மாதுவையில் இறங்கி ஊருக்குள் போகும்போதே மாற்றம் தெரிந்தது. முன்பு சைக்கிள் திருத்தும் கடை இருந்த இடத்தில் ஒரு கோப்பிக் கடை, மெனு முழுக்க ஆங்கிலத்தில். ஒரு கோப்பி 900 ரூபா என்று போட்டிருந்தது. என் இளைய மகன் சத்தமாக வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் நம்ம சகோதரர் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் சோறும் மீனும் நியாயமான விலையில் கிடைத்தது. அங்கேயும் இரண்டு வெள்ளைக்காரர்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது.

மாமி மகளின் கதை இதுதான். டவுனுக்குள், பள்ளிவாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. பிள்ளை பிறந்தபோது அவர்கள் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. ஆனால் அவருடைய மகன் ஒரு நாள் வந்து, மாத வாடகை 25,000 தருகிறீர்கள், இதையே இரண்டு அறையாகப் பிரித்துப் போட்டால் சீசனில் நாலைந்து நாளில் அதை எடுத்துவிடலாம் என்று காட்டினான். நவம்பரில் சீசன் தொடங்க முன்பு இவர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். டவுனில் எங்கே தேடினாலும் அதே பதில். இப்போது உள்ளே டெனிப்பிட்டியப் பக்கம் இருக்கிறார்கள். மச்சான் மீன் வாடிக்கு விடியக்காலையில் போக வேண்டியவர். த்ரீவீல் காசு, பிள்ளைகளின் வேன் காசு, மதரஸாவுக்குப் போய்வருவது எல்லாம் சேர்த்தால், வாடகையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவனையும் அங்கே சந்தித்தேன். ஹேவாஹெட்டையிலிருந்து போய் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். சர்விஸ் சார்ஜோடு நல்ல மாதத்தில் எங்கள் சம்பளத்தைவிடக் கூடவே எடுக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாலு பேரோடு ஒரே அறையில் படுக்கிறான். மே மாதம் மழையோடு சீசன் முடிந்ததும் சர்விஸ் சார்ஜ் நின்றுவிடும், அறை வாடகை நிற்காது. கலியாணம் முடித்தால் மனைவியை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டான். கட்டார் போன என் சாச்சா மகனும் இதையேதான் கேட்கிறான். அவனாவது வெளிநாட்டில் இருக்கிறான்.

கட்டாரைச் சொன்னது சும்மா இல்லை. நம்ம பிள்ளைகள் அங்கே போனால் அவர்களுக்குப் பெயர் "வேலைக்கு வந்தவன்". குடும்பத்தைக் கூட்டிப்போக ஒரு சம்பள எல்லை உண்டு, அதற்குக் கீழே என்றால் முடியாது. விசா முடிந்தால் கிளம்ப வேண்டும். இங்கே வந்து தங்குகிறவருக்கு "எக்ஸ்பட்" என்று மரியாதையான ஒரு பெயர். நம்ம நாட்டிலும் நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவருக்கான "கனவு இல்ல" விசாவுக்கு 15,000 டொலர் வைப்பிலிட வேண்டும், மாதம் 1500 டொலர் கொண்டுவர வேண்டும். முறையாக, சொல்லிவிட்டு வருகிறார்கள். பிரச்சினை அவர்களால் வருவதில்லை. சுற்றுலா விசாவில் வந்து, நீடித்து நீடித்து, யாருடைய கணக்கிலும் விழாமல் வீடும் கடையும் நடத்துகிறவர்களால்தான் வருகிறது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒரு விருந்துக்கு விளம்பரம் போட்டது நினைவிருக்கும். நாடே கொதித்தது. ஏற்பாடு செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டு அதை நிறுத்தினார்கள். அதே நாட்களில்தான் ரஷ்ய, உக்ரைன் நாட்டவருக்கான நீண்ட கால விசா நீடிப்பை நிறுத்துவதாகக் குடிவரவுத் திணைக்களம் அறிவித்தது. அப்போதைய ஜனாதிபதியே அந்த அறிவிப்பைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். டொலரை இழக்கவும் பயம், ஊரை இழக்கவும் பயம்.

"அவர்கள் நம் நிலத்தை வாங்கிவிடுவார்கள்" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கலாம். குத்தகைக்குக் கொடுப்பது யார்? நாம். அறையை நாள் வாடகைக்கு விடுவதும் நாம். பிக்மீ த்ரீவீல் ஊருக்குள் வரக்கூடாது என்று சண்டை பிடித்து, வந்தவனிடமும் சொந்த ஊர்க்காரனிடமும் ஒரே மாதிரி வாயில் வந்த விலையைச் சொல்வதும் நாம்தான். வெலிகமவின் விலையை எந்த வெள்ளைக்காரனும் வந்து நிர்ணயிக்கவில்லை. அவன் கேட்ட விலையைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் ஹதீஸோடு வருவார், எனக்குத் தெரியும். மதீனாவில் விலை ஏறியபோது ஸஹாபாக்கள் வந்து விலையை நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ், யாருக்கும் அநியாயம் செய்தவனாக நான் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். உண்மை. ஆனால் அதே மார்க்கத்தில்தான் பதுக்குவது பாவம். இமாம் இப்னு தைமிய்யா போன்றவர்கள், மக்கள் அநியாயத்துக்கு ஆளாகும் இடத்தில் அதிகாரி தலையிடலாம், சில இடத்தில் தலையிட்டே ஆக வேண்டும் என்று விளக்கியிருக்கிறார்கள். உலமாக்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்வது, ஹதீஸின் முதல் பாதியை மட்டும் வாடகை ரசீதில் ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்பதுதான்.

வெளியே பார்த்தால், பார்சிலோனா நகரம் 2024இல் ஒரு முடிவு எடுத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகள் பத்தாயிரத்துக்கும் மேல், அத்தனையின் அனுமதியையும 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தார்கள். அவ்வளவு பணக்கார ஊரே திணறுகிறது. நம்ம பிரதேச சபைகளிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. நாள் வாடகைக்கு விடும் வீடு எத்தனை, எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தாலே பெரிய விசயம்.

சேர், ஹேவாஹெட்டையில் கடலே இல்லையே, ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். கடல் தேவையில்லை, எல்லவைப் பாருங்கள். அங்கே இருந்ததும் மலையும் மூடுபனியும் ஒரு பாலமும்தான். நம்ம பக்கத்தில் லூல்கந்துர இருக்கிறது, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலாக வர்த்தகத்துக்காகத் தேயிலை நட்ட தோட்டம். அதைப் பார்க்க வருகிறவர்கள் கூடிக்கொண்டுதான் போகிறார்கள். வரட்டும். கடைக்கு வியாபாரம், பிள்ளைகளுக்கு வேலை, யாருக்குக் கசக்கும்?

ஆனால் இந்த நேரத்தைப் பாருங்கள். நவம்பரில் டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்ததை நாம் டிவியில் பார்க்கவில்லை, யன்னலால் பார்த்தோம். வீடு போனவர்களும், வீடு இருந்தும் இனிமேல் அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் இன்னும் வாடகை வீடு தேடி அலைகிறார்கள். என் வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகள் சொந்தக்காரர் வீட்டுத் தரையில் படுத்து எழும்பித்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். ஒன்று தமிழ்ப் பிள்ளை, ஒன்று நம்ம பிள்ளை. இதே நேரத்தில் நம்ம பாதையில் ஒரு மேல்மாடி வீட்டைப் பெயின்ட் அடித்து, படம் எடுத்து, வெளிநாட்டுக்காரருக்கு நாள் வாடகைக்கு இணையத்தில் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். இன்னும் இரண்டு பேரும் அதே யோசனையில் இருக்கிறார்களாம்.

பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் கடன்பட்டுக் கட்டிய வீடு, அவர்களுடைய உரிமை. என் கோரிக்கை சின்னது. ஒரு வருடத்துக்கு, ஊருக்குள் வாடகைக்கு வீடு தேடுகிற குடும்பம் ஒன்று இருக்கும்வரை, முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். வாடகையை நியாயமாக வாங்குங்கள், எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அரசாங்கம் வாடகைக்கென்று தருவது அவர்கள் கைக்கு வந்து சேரப் பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரிடம் பேசட்டும். வித்தியாசமாக வரும் நட்டத்தில் ஒரு பங்கை ஸகாத் அல்லாத ஸதகா நிதியிலிருந்து ஈடுசெய்யலாமா என்று ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம். சுற்றுலாப் பயணி அடுத்த வருடமும் வருவான், மலை எங்கேயும் போகாது (இன்ஷா அல்லாஹ்!).

நேற்று அஸருக்குப் பிறகு அந்த மேல்மாடி வீட்டு நானாவைக் கண்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பிளேன்டீ ஒன்று வாங்கித் தந்து, தண்ணீர்க் குழாய் வேலை இன்னும் முடியவில்லை, நோன்பு வருவதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றார். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து பேர் என்றேன்.