எழுபத்தைந்தாம் இடம்

நம் வீடுகளில் பரீட்சை முடிவு வந்த அன்று பிள்ளையைப் பார்த்துக் கேட்கப்படும் முதற் கேள்வி, “வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?” என்பதே. முதலாம் பிள்ளை என்றால் தாயின் முகம் மலரும். பத்தாம் பிள்ளை என்றால் தந்தையிடமிருந்து ஒரு பெருமூச்சு வரும். இருபதுக்கு மேலே போய்விட்டாலோ அன்றைய சாப்பாடே கசந்துவிடும். இப்பழக்கத்தோடு வளர்ந்த நம்மிடம் ஒருவரைக் காட்டி, “இவர் டென்னிஸ் விளையாட்டில் உலகின் எழுபத்தைந்தாம் இடத்தைப் பெற்றவர்” என்று யாரேனும் சொன்னால் என்ன நினைப்போம்? “எழுபத்தைந்துதானா!” என்று மெல்லச் சிரித்துவிட்டு அப்பாற் செல்வோம். ஆயின், அந்த எண்ணுக்குள் எத்தனை ஆண்டு உழைப்பும் எவ்வளவு பணமும் எத்துணை வேதனையும் அடங்கியிருக்கின்றன என்பதை அறிந்தால் அச்சிரிப்பு நின்றுவிடும். இவ்வாரம் அத்தகைய ஒருவரின் கதையை வாசகர்கள் முன், சிறப்பாக மாணவர்கள் முன், வைக்க விரும்புகின்றேன்.

டென்னிஸ் என்றதும் நம் பெரியவர்களின் நினைவுக்கு வருபவர் இராமநாதன் கிருஷ்ணன். 1954ஆம் ஆண்டில் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றவர்; 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கு அரையிறுதி ஆட்டம்வரை சென்று தமிழர் பெயரை உலகறியச் செய்தவர். அக்காலத்தில் அப்பெரும் போட்டிகளில் பணப்பரிசு என்பது கிடையாது. 1968ஆம் ஆண்டில்தான் தொழிலாக விளையாடுவோருக்கும் அவற்றின் வாசல் திறந்தது. பின்னர் 1973 ஆகஸ்ட் மாதத்தில் கணினி கொண்டு தரவரிசை வகுக்கும் முறை வந்தது. அன்று முதல் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணே அவருடைய பிழைப்பையும் நிர்ணயிக்கின்றது.

நாம் பேச எடுத்துக்கொண்டவர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். 1989 நவம்பரில் சென்னையிற் பிறந்தவர், இடக்கை ஆட்டக்காரர். இளமையின் சிறந்த ஆண்டுகள் பலவற்றை முழங்கால் எலும்பில் ஏற்பட்ட வெடிப்புகள் அவரிடமிருந்து பறித்துக்கொண்டன. ஒத்த வயதினர் உலகமெங்கும் சென்று புள்ளிகள் சேர்த்துக்கொண்டிருக்க, இவர் காலைப் பேணிக்கொண்டு காத்திருந்தார். இனி இவரால் இயலாது என்று பிறர் எண்ணுதற்கு வேண்டிய காரணங்கள் யாவும் இருந்தன. இருந்தும் அவர் மீண்டு வந்தார்.

2018ஆம் ஆண்டு அவருக்கு 28 வயது. அவ்வாண்டு ஏப்ரலில் சீனாவின் தியன்ஜின் நகரில் டேவிஸ் கிண்ணப் போட்டி நடைபெற்றது. முதலிரு ஆட்டங்களையும் இழந்து நின்ற இந்திய அணி அடுத்த இரண்டையும் வென்று சமநிலைக்கு வந்தது. வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டத்தை ஆடியவர் பிரஜ்னேஷ். நாட்டின் பாரம் முழுவதும் தோளில் இருக்க, அவர் அதனை நேர் செட்டுகளில் வென்றார். சில வாரங்களுக்குள் சீனாவின் ஆனிங் நகரில் ஒரு சலஞ்சர் பட்டம் கிடைத்தது. ஜூன் மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், அப்போது உலகின் முதல் 30 பேருள் ஒருவராய் இருந்த கனடாவின் டெனிஸ் ஷாப்பவலோவைத் தோற்கடித்தார். ஆகஸ்டில் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலப் பதக்கம். நவம்பரில் பெங்களூரில் மற்றுமொரு பட்டம்.

அடுத்த ஆண்டு பெப்ரவரியில் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியில் தகுதிகாண் சுற்று வழியாக நுழைந்து, பிரான்சின் பெனுவா பேரையும், முதல் 20 பேருள் ஒருவரான ஜோர்ஜியாவின் நிகொலோஸ் பசிலாஷ்விலியையும் வீழ்த்தினார். 2019 ஏப்ரல் 22ஆந் திகதி வெளியான பட்டியலில் அவருடைய எண் 75. அதற்கு மேலே அவர் செல்லவில்லை.

இனி, அந்த எண் என்ன தந்தது என்பதைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளின் பிரதான சுற்றிலும் அவர் ஆடினார். அவுஸ்திரேலியாவில் பிரான்சஸ் டியாஃபோவிடமும், பாரிஸில் ஹூகோ டெலியனிடமும், விம்பிள்டனில் மிலோஸ் ராவோனிச்சிடமும், நியூயோர்க்கில் டானில் மெட்வெடேவிடமும் தோற்றார். நான்கும் முதற் சுற்றுத் தோல்விகள். 2020 ஜனவரியில் மீண்டும் அவுஸ்திரேலியா. தகுதிகாண் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றும், பிரதான சுற்றில் வெற்றிடம் ஏற்பட்டமையால் அவருக்கு இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் ஜப்பானின் டட்சுமா இட்டோவை வென்றிருந்தால், இரண்டாவது சுற்றில் நோவாக் ஜோக்கோவிச்சை எதிர்த்து ஆடும் பேறு வாய்த்திருக்கும். அதிலும் தோல்வியே. ஆக, பெரும் போட்டிகளில் ஐந்து முறை களமிறங்கி ஒரு முறையேனும் வென்றாரில்லை.

“ஐந்திலும் தோற்றவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?” என்று மாணவர் கேட்கலாம். விடை கணக்கில் இருக்கின்றது. ஒரு பெரும் போட்டியின் பிரதான சுற்றில் 128 பேருக்கு இடமுண்டு. அவர்களுள் 104 பேர் தரவரிசை கொண்டே நேராக நுழைகின்றனர். 16 பேர் தகுதிகாண் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று வருகின்றனர். எஞ்சிய 8 இடங்கள் போட்டி நடத்துவோரின் விருப்பத்துக்குரியவை. ஆகவே முதல் நூற்றுக்குள் இருப்பவருக்குக் கதவு திறந்தே இருக்கும். அதற்கு வெளியே இருப்பவர் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும்.

கதவுக்கு உட்புறம் என்ன இருக்கின்றது? 2019ஆம் ஆண்டு நியூயோர்க்கில் முதற் சுற்றில் தோற்றவருக்கே 58,000 அமெரிக்க டொலர் கிடைத்தது. வெளிப்புறத்தில் என்ன? ஆகக் கீழ்ப்படியில் நடைபெறும் 15,000 டொலர் சுற்றுப்போட்டி ஒன்றில், ஒரு வாரம் முழுவதும் ஆடி எல்லோரையும் வென்று பட்டம் பெறுபவருக்குரிய பரிசு 2,160 டொலர். முதலாட்டத்தில் தோற்றால் 156 டொலர். நியூயோர்க்கில் ஒரு நாள் தோற்றுப் பெறும் தொகையை இங்கே ஈட்டுவதற்கு 27 பட்டங்கள் வெல்ல வேண்டும்! விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு, பயிற்றுநர் சம்பளம், மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி ஆகிய யாவும் ஆட்டக்காரரின் சொந்தப் பையிலிருந்தே போகின்றன.

உடப்பு வாசகருக்கு இதனைக் கரைவலையோடு ஒப்பிட்டுச் சொன்னால் எளிதில் விளங்கும். அம்பாப் பாட்டு ஒலிக்க வலை கரைக்கு வருகின்றது. கிடைத்த மீன் விலையானதும் சம்மாட்டிக்குரிய பங்கு போக, மிகுதி இழுத்தவர்களுக்குள் பகிரப்படுகின்றது. கயிற்றின் முன்னே நின்றவருக்கும் பின்னே நின்றவருக்கும் கைவலி ஒன்றே. பங்கும் பெரிதும் வேறுபடுவதில்லை. மீன் படாத நாளில் எல்லோருக்கும் ஒன்றாகவே இல்லை. டென்னிஸ் உலகம் அப்படியன்று. அங்கே வலையை இழுப்போர் ஆயிரக்கணக்கானோர். பங்கு பெறுவோரோ மிகச் சிலர். மற்றவர்கள் இழுப்பதற்குத் தாமே கூலி கொடுக்கின்றனர்.

வேறோர் ஒற்றுமையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், மேற்குக் கரை மீனவர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். டென்னிஸ் ஆட்டக்காரரும் பருவத்தைத் தொடர்ந்து ஓடுகின்றவரே. ஜனவரியில் அவுஸ்திரேலியா, சித்திரை வைகாசியில் ஐரோப்பாவின் செம்மண் தரை, அதன்பின் புல்தரை, ஆவணியில் அமெரிக்கா. மீனவருக்கு வாடியிற் கூட்டாளிகளேனும் உண்டு. கீழ்வரிசை ஆட்டக்காரர் பெரும்பாலும் தனியர். தோற்ற அன்று இரவு மூட்டையைக் கட்டிக்கொண்டு மொழி தெரியாத ஊரொன்றில் அடுத்த பயணத்துக்குக் காத்திருப்பது அவர் வாழ்வு.

அதுமட்டுமா? சேர்த்த புள்ளிகள் 52 வாரங்களே நிற்கும். சென்ற ஆண்டு இதே வாரத்திற் பெற்றவை இவ்வாரம் கழிந்துவிடும். அவற்றை மீண்டும் ஈட்டாவிட்டால் எண் கீழே இறங்கும். நோயோ காயமோ வந்து சில மாதம் படுத்துவிட்டால், பல ஆண்டு உழைப்பு கண்முன்னே கரையும். பிரஜ்னேஷும் 2019இன் இறுதியில் முதல் நூற்றுக்கு வெளியே போனவர் பின்னர் அங்கு திரும்பவில்லை. 2024 நவம்பரில், 35ஆம் வயதில், விளையாட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

2018 டிசம்பரில் டென்னிஸின் நேர்மையை ஆராய்ந்த சுயாதீனக் குழுவொன்று தன் அறிக்கையை வெளியிட்டது. தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பெயர் பூண்டோர் ஏறக்குறைய 15,000 பேர் என்றும், அவர்களுள் வரவையும் செலவையும் சரிக்கட்டக் கூடியவர்கள் 250 முதல் 350 பேர் வரையே என்றும் அக்குழு கண்டது. இந்த வறுமையே சூதாட்டக்காரரின் கைக்கூலிக்குச் சிலரை இரையாக்குகின்றது என்றும் எடுத்துரைத்தது. 156 டொலருக்கு ஆடும் இளைஞனிடம் ஒருவன் வந்து, “இந்த ஆட்டத்தில் தோற்றுவிடு, ஆயிரம் டொலர் தருகின்றேன்” என்றால், மறுப்பதற்கு எத்தகைய நெஞ்சுறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வுறுதியோடு ஆடி, பெயரின்றி ஓய்ந்தவர் பலர். அவர்களுக்குப் பதக்கம் சூட்டுவாரில்லை.

நிலைமை சிறிது திருந்தியும் இருக்கின்றது. ஆண் ஆட்டக்காரர் சங்கம் 2023இல் அறிவித்து 2024இல் தொடங்கிய திட்டமொன்றின்படி, முதல் நூறு பேருக்கு ஆண்டொன்றுக்கு 300,000 டொலரும், 101 முதல் 175 வரையுள்ளோருக்கு 150,000 டொலரும், 176 முதல் 250 வரையுள்ளோருக்கு 75,000 டொலரும் குறைந்தபட்ச வருமானமாக உறுதி செய்யப்பட்டன. ஈட்டிய தொகை குறைந்தால் மிகுதியைச் சங்கம் நிரப்பும். ஆயினும் 251ஆம் இடத்தில் நிற்பவருக்கு இதிற் பங்கில்லை.

இவற்றையெல்லாம் கேட்ட பெற்றோர், “அப்படியானால் பிள்ளையின் கையிலிருக்கும் மட்டையைப் பிடுங்கிவிடுவோமா?” என வினவக்கூடும். வேண்டாம். ஆனால் கணக்குத் தெரியாமல் கடலில் இறங்கவும் வேண்டாம். டென்னிஸாயினும், ஓட்டமாயினும், உதைபந்தாட்டமாயினும் பிள்ளைக்கு உண்மையான திறமை இருந்தால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, க. பொ. த. உயர்தரம் வரையேனும் படிப்பைக் கைவிட விடாதீர்கள். முழங்கால் உடைந்தாலும் படிப்பு உடையாது. இரண்டாவது, இத்தனை ஆண்டு, இவ்வளவு பணம் என்று எல்லையை முன்னரே பிள்ளையோடு உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். வீட்டை அடகு வைத்த பின் பேசுவதிற் பயனில்லை. மூன்றாவது, அந்த எல்லை வந்த நாளிற் பிள்ளையைத் தோற்றவன் என்று சொல்லாதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலகத்தில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களுள் எழுபத்து நான்கு பேரே தமக்கு முன் நிற்க, ஒரு நாள் தலைநிமிர்ந்து நின்றவர் பிரஜ்னேஷ். வாழ்வின் சிறந்த ஆண்டுகளை நோய் தின்ற பின்னரும் எழுந்து வந்து, நாட்டுக்காக ஐந்தாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர். உலக முதல்வன் ஆகாத ஒவ்வொருவனும் வீணன் என்றால், நம்மில் எவருக்கும் வாழ உரிமை இல்லை. நாளை உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ பரீட்சைத்தாளைக் கொண்டு வந்து நீட்டும்போது, எத்தனையாம் பிள்ளை என்று கேட்குமுன், சென்ற தவணையை விட இம்முறை எவ்வளவு முன்னேறினாய் என்று கேட்டுப் பாருங்கள்.