மலிவு என்றால் மட்டமா?

“விலை கம்மியா? அப்ப சரக்கும் அப்படித்தான் இருக்கும்.” ஜவுளிக்கடையில் சொல்கிற இந்தப் பேச்சை இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சொல்கிறோம். கண்புரை முற்றிய அப்பத்தாவைக் கிராமத்திலிருந்து டவுனுக்கு அழைத்து வந்த பேரனிடம் லேமினேட் செய்த விலைப்பட்டியல் ஒன்றை நீட்டுகிறார்கள். கீழே உள்நாட்டு லென்ஸ், நடுவில் ஒன்று, மேலே வெளிநாட்டு லென்ஸ். “உங்க இஷ்டம் சார். பாட்டிக்கு நல்லதா வைக்கணும்னா இது” என்று விரல் மேலே போகிறது. கடன் வாங்கியாவது மேலே இருப்பதைத்தான் பேரன் தேர்ந்தெடுக்கிறான். அப்பத்தாவின் கண்ணை விலை பேசினான் என்று நாளை ஊர் சொல்லிவிடக் கூடாதே.

இந்தப் பயத்தின் மேல் ஒரு பெரிய நம்பிக்கை கட்டப்பட்டிருக்கிறது. மலிவான மருத்துவக் கருவி மட்டமானது, அதைச் செய்பவர்கள் தர்ம காரியம் செய்பவர்கள், அது நீடிக்காது, காப்பீட்டு அட்டை வந்த பிறகு அதற்குத் தேவையும் இல்லை, அப்படியே இருந்தாலும் புதுக்கோட்டை மாதிரி ஊருக்கு ஒத்துவராது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், மருத்துவர்களிலும் சிலர் சொல்கிறார்கள். இது தவறு மட்டுமல்ல, ஏழைக் குடும்பங்களைக் கடனில் தள்ளும் தவறு. ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்ப்போம்.

“விலை குறைந்தால் தரம் குறையும்”

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பார்க்கும் பகுதி சுமார் 6 மில்லிமீட்டர் அகலம். சட்டைப் பித்தானை விடச் சின்னது. அதைக் கண்ணுக்குள் நிலையாகப் பிடித்துவைக்க இரண்டு பக்கமும் மயிரிழை போன்ற வளைந்த கால்கள். லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949 நவம்பரில் முதல் லென்ஸை வைத்தபோது பயன்படுத்தியது போர் விமானங்களின் ஜன்னலுக்குப் போடும் அக்ரிலிக் பிளாஸ்டிக் வகையைத்தான். விமானிகளின் கண்ணில் அந்தச் சிதறல்கள் தைத்தும் கண் அவற்றை ஒதுக்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். ஆக, இதன் மூலப்பொருள் தங்கமோ பிளாட்டினமோ அல்ல. விலை ஏறுவது துல்லியமாகக் கடைவதிலும் கிருமி நீக்குவதிலும் சோதிப்பதிலும் ஓரளவு. விளம்பரம், விநியோகஸ்தர் கமிஷன், வாங்குபவர் எவ்வளவு தருவார் என்ற கணக்கு ஆகியவற்றில்தான் பெருமளவு.

நம் பக்கத்து மதுரையில் 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கியபோது இறக்குமதி லென்ஸ் ஒன்று 80 டாலருக்கு மேல் விற்றது. அமெரிக்கச் சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீனும் சேவா அறக்கட்டளையும் துணை நிற்க, தொழில்நுட்பத்தை அமெரிக்காவிலிருந்து பெற்று, அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் அதே லென்ஸை இங்கேயே செய்தார்கள். சுமார் 10 டாலரில் தொடங்கிய விலை பிறகு 5 டாலருக்கும் கீழே வந்தது. கடைசல் இயந்திரத்திலும் நுண்ணோக்கியிலும் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள். அந்த லென்ஸ் ஐரோப்பியத் தரச்சான்று பெற்றது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மட்டமான பொருளை இத்தனை நாட்டு மருத்துவர்கள் மனிதக் கண்ணுக்குள் வைக்க மாட்டார்கள்.

தரத்துக்கு இன்னும் கறாரான சோதனை உண்டு: அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை கண்ணில் சீழ் பிடித்தது என்ற கணக்கு. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கு மேற்பட்ட கண்புரை அறுவை சிகிச்சைகளை அலசி 2017இல் ‘ஆஃப்தால்மாலஜி’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அறுவை முடிந்ததும் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் மருந்து செலுத்தத் தொடங்கிய பிறகு சீழ் பிடிக்கும் விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியது. பத்தாயிரம் பேரில் ஏழாக இருந்தது இரண்டானது. அந்த மருந்தும் ஆரோலேப் தயாரித்ததே.

மலிவானதெல்லாம் நல்லது என்று நான் வாதாடவில்லை. மடக்கு லென்ஸ், பல தூரத்துக்கான லென்ஸ் ஆகியவற்றுக்குத் தனிப் பயன்கள் உண்டு. விரும்புகிறவர் வாங்கட்டும். போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. ஆனால் போலியைக் கண்டுபிடிக்க விலை உதவாது. அதற்குத் தரச்சான்றும் உரிம எண்ணும் சிகிச்சை முடிவுகளும் இருக்கின்றன.

“ஏழைக்கு இவ்வளவு போதும்”

இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் மருத்துவ வரலாற்றில் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 1980களில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வசதியானவர்களுக்கானது, வளரும் நாடுகளின் ஏழைகளுக்குத் தடித்த கண்ணாடி போதும் என்று வல்லுநர்களே வாதாடினார்கள்.

அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி நம் வீடுகளில் இருந்ததுதான். புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்காமல் விட்ட கண்ணுக்கு ஏறக்குறைய +10 பவர் தேவைப்பட்டது. பார்க்கும் பொருள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரப் பார்வை இருக்காது. ஆவுடையார்கோவில் பக்கம் நடவு நடும் ஒரு பெண்ணுக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். குனிந்தால் கண்ணாடி நழுவும். நாற்று இருக்கும் தூரம் தப்பும். வரப்பில் வைத்த கால் சறுக்கும். கண்ணாடி உடைந்த அன்றே அவர் மறுபடி பார்வையற்றவர்.

மதுரையில் லென்ஸ் விலை குறைந்த பிறகு இந்த வாதம் தானே உதிர்ந்தது. 1994இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களில் தொடங்கிய கண்புரைத் திட்டம் 1 கோடியே 10 லட்சம் அறுவை சிகிச்சைகளைக் குறிவைத்தது. அந்தக் காலத்தில்தான் அரசு முகாம்களும் கண்ணாடியிலிருந்து லென்ஸுக்கு மாறின. 80 டாலர் லென்ஸை வைத்து எந்த அரசும் அந்த மாற்றத்தைத் தாங்கியிருக்க முடியாது.

“தர்ம காரியம் எத்தனை நாள் ஓடும்?”

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடு அறுவை சிகிச்சை செய்து பழகியவர் அவர். வசூல் பெட்டியை நம்பி அந்த மருத்துவமனை நிற்கவில்லை. கட்டணம் செலுத்துகிறவர்கள் தருவது, செலுத்த முடியாதவர்களுக்கும் சேர்த்துச் செலவைத் தாங்குகிறது. அறுவை சிகிச்சைகளில் பாதிக்கும் மேல் இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். அதனால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவை வரை செய்கிறார். மருத்துவரின் நேரம் வீணாகாததால் தலைக்குச் செலவு குறைகிறது.

ஆரோலேபுக்குத் தொடக்கத்தில் வெளியுதவி கிடைத்தது உண்மை. தொழில்நுட்பமும் இயந்திரமும் வாங்க அது தேவைப்பட்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லென்ஸ் விற்ற பணத்தில்தான் ஓடுகிறது. லாபத்தைப் பங்குதாரர்கள் எடுத்துக்கொண்டு போகாமல் தையல் நூல், மருந்து, கண் லேசர் கருவி என்று அடுத்த பொருளுக்கு அது போகிறது. இதைத்தான் சமூகத் தொழில்முனைவு என்கிறோம்.

நன்கொடையில் தொடங்கியதும் நிலைத்திருக்கிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைச் சுமந்து 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். எழுபது ஆண்டுகள் தாண்டியும் அது ஏழைகளுக்குச் சிகிச்சை அளிக்கிறது.

“விலையைக் கட்டுப்படுத்தினால் நல்ல பொருள் ஓடிவிடும்”

2017 பிப்ரவரி 13 அன்று தேசிய மருந்து விலை ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய். அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு நோயாளியிடம் ஒரு லட்சத்துக்கு மேலும் வாங்கினார்கள். இடையில் மருத்துவமனைகள் வைத்த லாபம் 654 சதவீதம் வரை இருந்ததாக ஆணையமே வெளியிட்டது. அந்த ஒரு லட்சத்தில் எவ்வளவு தரத்துக்கு, எவ்வளவு இடையில் வைத்த லாபத்துக்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சில நிறுவனங்கள் சரக்கைத் திரும்பப் பெற அனுமதி கேட்டன. இதய சிகிச்சை நின்றுவிடவில்லை. சூரத்தில் தயாரான ஸ்டென்ட் ஒன்றை உலகின் முன்னணி ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டு ஐரோப்பாவின் 7 நாடுகளில் 1,435 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஓராண்டு முடிவில் இந்திய ஸ்டென்ட் அதற்குச் சளைத்ததாக இல்லை. அதைச் செய்தது லாப நோக்குள்ள கம்பெனிதான். ஆனால் உள்நாட்டுச் சரக்கு மட்டம் என்ற பேச்சுக்கு அது நேரான பதில்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தின் செயற்கை இதய வால்வையும் பாருங்கள். டாக்டர் வலியத்தான் தலைமையில் பல வடிவங்கள் தோற்று, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் அதைத் தயாரிக்க, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களுக்குள் அது வேலை செய்திருக்கிறது. இறக்குமதி வால்வை வாங்க முடியாதவர்களுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி அது. நோயாளியால் முடிந்த விலையை முதலிலேயே நிர்ணயித்துக்கொண்டு உழைப்பதும் கண்டுபிடிப்புத்தான்.

“காப்பீடும் அரசும் இருக்கின்றனவே”

இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் காப்பீடு பில்லைக் கட்டுகிறது, பொருளைச் செய்வதில்லை. கருவி விலை ஏற ஏற அதே நிதியில் சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை குறையும். அட்டை பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கு. மூக்குக் கண்ணாடி, சர்க்கரை பார்க்கும் பட்டை, வெளிநோயாளிச் சோதனை எல்லாம் பெரும்பாலும் கைக்காசில்தான்.

அரசும் மலிவுக்கு எதிரி அல்ல. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்ததால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல பொருளை மலிவாகச் செய்ய ஒருவர் இருந்தால்தான் அரசாலும் அப்படி வாங்க முடியும்.

இலவசம் மட்டும் போதாது என்பதும் தெரிந்த பாடம். அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வராதது ஏன் என்று அரவிந்த் தேடியபோது பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி என்று காரணங்கள் வந்தன. அதன் பிறகே அழைத்துப்போவதும் சாப்பாடும் திரும்பக் கொண்டுவிடுவதும் சிகிச்சையோடு சேர்ந்தன. மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“புதுக்கோட்டையில் இதெல்லாம் நடக்காது”

கோவை முருகானந்தம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கோடிக்கணக்கில் விலைபோன நாப்கின் இயந்திரத்துக்கு மாற்றாக, ஒரு லட்சத்துக்கும் குறைவான விலையில் சின்ன இயந்திரம் செய்து மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த வேலைக்குப் பெருநகரமும் ஆங்கிலமும் முன்நிபந்தனை அல்ல.

நம் மாவட்டத்துக்கும் சொல்லிக்கொள்ள வரலாறு இருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இங்கே ஆயிரமாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரியில் கூலிக்கு உடைத்தவர்கள் குழுவாகக் குத்தகை எடுத்து நடத்தினார்கள். 2017 முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள், அமைப்பும் இருக்கிறது.

அதனால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட ஒட்டு இருக்கும். அது உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். பில்லில் கருவியின் விலை தனியாக இருக்க வேண்டும். அதையும் கேளுங்கள். “நல்லது எது?” என்று கேட்காமல், “இதில் என் கண்ணுக்கு என்ன கூடுதல் பயன்?” என்று கேளுங்கள். நேர்மையான மருத்துவர் பதில் சொல்வார். மாவட்டத்தின் மகளிர் குழுக் கூட்டமைப்புகள் மூக்குக் கண்ணாடி விற்பனையிலிருந்தே தொடங்கலாம். முதியோர் பலருக்கு வேண்டியது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி ஒன்றுதான்.

குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்த மகனோ பேத்தியோ இனி யாரிடமும் கூச வேண்டியதில்லை. முப்பது ஆண்டுக்கும் மேலான ஆதாரம் அவர்கள் பக்கம் நிற்கிறது. ‘அதிக விலைதான் நல்லது’ என்கிறவர்கள்தான் இனி அந்த விலைக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.