பெயர் சொல்லும் உண்மை

பழந்தமிழர் நிலத்தின் இயல்பறிந்தே ஊர்க்குப் பெயரிட்டனர். தாங்கல் என்பது நீரைத் தாங்கும் சிற்றேரி. கழுவெளி என்பது நீர் பரந்து தேங்கும் சதுப்பு. சென்னையின் தென்புறத்தே பழவந்தாங்கல் இன்று வீடும் தெருவுமாய் நிற்கின்றது. பள்ளிக்கரணைக் கழுவெளியோ ஆண்டுதோறும் சுருங்கிச் சிறு துண்டாயிற்று.

30க்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் அக்கழுவெளியில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலொடு கலத்தல் வேண்டும். அவ்வழியில் மண்கொட்டி மனை விற்றால் நீர் எங்கே செல்லும்? மனை வாங்கியவன் வீட்டினுள்ளேதான் செல்லும். 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் கண்டது அதுவே.

கொடுமை யாதெனில், 2015 வெள்ளத்தின்பின் ஆற்றங்கரை ஏழையரைக் காப்பதாகச் சொல்லிப் பெயர்த்த அரசு, அவருட் பலரைக் குடியேற்றிய இடம் அதே கழுவெளியை அடுத்த தாழ்நிலமான பெரும்பாக்கம்!

2022இல் அக்கழுவெளி இராம்சார் பட்டியலில் ஏறியது நன்றே. ஆயினும், பட்டயம் நீரைத் தாங்காது, பள்ளமே தாங்கும். ஆதலின் ஏரி, தாங்கல், கழுவெளி, நீர்வழி ஆகியவற்றின் பழைய எல்லைகளை அளந்து, கல்நட்டு, ஊரறியச் செய்க! அவற்றினுள் ஒரு செங்கல்லுக்கும் ஒப்புதல் அளியற்க! மனை வாங்குவோரும் விலையைக் கேட்குமுன் அந்நிலத்தின் பழம்பெயரைக் கேட்க!