அட்டவணை அடிமைத்தனமா?

நம் சங்கத்து இசைக் குழுவில் இவ்வாண்டு ஒரு சர்ச்சை எழுந்துள்ளது. பியானோ வாசிப்பவர் கார்ட் அட்டவணையை எதிரே வைத்துக்கொள்வது தகுமா, தகாதா என்பதே அது. 'முறையாக ஸ்டாஃப் நொட்டேஷன் படி. இல்லையேல் காதால் கேட்டு வாசி. நடுவே சீட்டு எதற்கு? கற்பனை இல்லாதவனுக்கல்லவா அது?' என்கின்றனர் ஒரு சாரார். இக்கூற்றை நான் அடியோடு மறுக்கிறேன்.

அட்டவணையில் இருப்பதுதான் என்ன? எந்தப் பாரில் எந்தக் கார்ட் என்பது மட்டுமே. எந்த ஸ்தாயி, என்ன நடை, எந்தச் சுரம் மேலே, எது கீழே? ஒன்றும் இராது. எழுதாமல் விட்டதெல்லாம் வாசிப்பவனின் சொத்து! 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கீழ்ச்சுரத்தையும் சில எண்களையும் மட்டுமே எழுதித் தருவார்கள். மற்றதைக் கலைஞன் வாசிக்கும்போதே அமைத்துக்கொள்வான். பாஹ் காலத்து வழக்கம் அது. அவர்களெல்லாம் கற்பனை வறண்டவர்களா?

1959இல் மைல்ஸ் டேவிஸ் நியூயார்க்கில் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டில் 'ஸோ வாட்' என்றொரு உருப்படி உண்டு. 32 பார். முதல் 16 டி டோரியன். அடுத்த 8 அரைச்சுரம் ஏற்றி. கடைசி 8 பழையபடி. ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு பில் எவன்ஸ் பியானோவில் செய்திருக்கும் மனோதர்மத்தைக் கேட்டுவிட்டு வந்து பேசட்டும் நம் நண்பர்கள்.

ஆனால் அட்டவணையை அப்படியே ஒப்பிப்பவர்களும் நம்மிடையே உண்டு. சி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்குப் போகக் கையையே தூக்கிக் குதிப்பார்கள். இரண்டிலும் சி பொதுவன்றோ? அதைப் பிடித்தபடியே ஈ-யை எஃப்-க்கும், ஜி-யை ஏ-க்கும் நகர்த்தினால் போதும். ஒலி ஒழுகிச் செல்லும்.

எதிர்ப்பாளர் கூறவேண்டிய, ஆனால் கூறாத வலுவான வாதம் வேறு. நம் பாட்டுக்கு அட்டவணை பொருந்துமா? மோகனத்தை எடுத்துக்கொள்வோம். சி-யை ஷட்ஜமாக வைத்தால் சி, டி, ஈ, ஜி, ஏ. இந்த ஐந்து சுரங்களில் மேஜர், மைனர் கார்டுகள் இரண்டே அமையும்: சி மேஜர், ஏ மைனர். கண்ட அட்டவணையை நம்பி எஃப் மேஜர் வாசித்தால் மத்திமம் நுழையும். ஜி மேஜர் வாசித்தால் நிஷாதம் நுழையும். இரண்டும் மோகனத்துக்கு அந்நிய சுரங்கள். ஜி-யில் நடுச்சுரத்தை விட்டுவிட்டு ஜி, டி இரண்டை மட்டும் அழுத்திப் பாருங்கள். ராகமும் கெடாது, துணையும் கிடைக்கும். இந்தத் திருத்தத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்ளவும் ஓர் அட்டவணைதானே வேண்டும்?

சொந்தமாக மெட்டமைக்க விரும்புவோருக்கும் இதுவே வழி. ஒரு மேஜர் ஸ்கேலில் ஏழு கார்டுகள். நான்கு பாருக்கு வரிசைப்படுத்தினால் 2,401 வகை! (கணக்குப் போடும் புத்தி என்னை விடாது.) பெரும்பாலானவை கேட்கச் சகியாதவை. சகிக்கத்தக்க ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் ரசனை வேலை செய்கிறது.

ஊரில் பியானோ ஆசிரியரையே கண்டிராதவர் நம்மில் பலர். நொட்டேஷன் தெரிந்தால்தான் இடம் என்றால் அவர்கள் பொங்கல் விழாவில் நாற்காலி அடுக்க மட்டுமே பயன்படுவர். ஆகவே விழாப் பாடல்களின் அட்டவணைகளை இப்போதே சங்க அறையில் ஒட்டிவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பக்கத்தில் ஒரு பென்சிலும் தொங்கட்டும்.