தாங்கா கடற்கரையில் தோற்றது யார்?

“இந்திய வீரர்களின் உலகப் போர் வீரம்” என்ற பெருமிதப் பேச்சு ஆண்டுதோறும் ஒலிக்கிறது. கல்லறைகளுக்கு மலர்வளையம் வைக்கப்படுகிறது, எக்காளம் ஊதப்படுகிறது. அந்த வீரர்கள் யாருடைய போருக்காக, யாருடைய கட்டளையின்பேரில் அந்நியக் கடற்கரைகளில் இறக்கப்பட்டார்கள் என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுவதில்லை. அந்தக் கேள்விக்கு 1914 நவம்பரில் தாங்காவில் நடந்தது விடையளிக்கிறது.

தாங்கா அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் துறைமுகம். இன்று தான்சானியாவில் உள்ளது. அதைக் கைப்பற்ற மேஜர் ஜெனரல் எய்ட்கன் தலைமையில் சுமார் 8,000 பேர் கொண்ட படை 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்டது. ஒரு ஆங்கிலேயப் பட்டாளத்தைத் தவிர ஏனையவை இந்தியப் பட்டாளங்கள். ராஜபுத்திரரும் காஷ்மீர் துப்பாக்கிப் படையினரும் இருந்தனர். மதராஸ் மாகாணத்தில் ஆள் சேர்க்கப்பட்ட 63ஆவது பாளையங்கோட்டை இலகுரகக் காலாட்படையும் இருந்தது. மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்த விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். பல பட்டாளங்கள் அதற்குமுன் ஒன்றாகப் பயிற்சி பெற்றதே இல்லை. சிலருக்குப் புதிய துப்பாக்கி கைக்கு வந்ததே கப்பலேறும் தறுவாயில்தான்.

இரண்டு வாரங்களுக்கு மேல் வெக்கையிலும் கடல் நோயிலும் வாடிய சிப்பாய்களுக்குக் கரையில் ஓய்வு தரப்படவில்லை. உள்ளூர் நிலமறிந்த ஆப்பிரிக்கப் படைப்பிரிவின் உதவியும் வேண்டாமென்று தள்ளப்பட்டது. போதாக்குறைக்கு, தாக்குதலுக்கு முன்பே பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் சென்று, உடன்பாடு முடிந்துவிட்டதென ஜெர்மானியருக்கு அறிவித்தது. எதிரிக்குப் படை திரட்டும் அவகாசம் கிடைத்தது. உளவு பார்க்காமலேயே சிப்பாய்கள் இரவில் கரையிறக்கப்பட்டார்கள். ரப்பர், சணல் தோட்டங்களுக்குள் கண் தெரியாமல் முன்னேறியவர்களை இயந்திரத் துப்பாக்கிகள் வரவேற்றன. கலைந்த தேன்கூடுகளிலிருந்து தேனீக்களும் கொட்டித் தீர்த்தன. நவம்பர் 5 அன்று எஞ்சியோர் கப்பல்களுக்குத் திரும்பினர். சுமார் 800 பேர் மாண்டோ காயமுற்றோ போயினர். எதிரே நின்ற லெட்டோ-ஃபோர்பெக்கின் படையோ ஏறத்தாழ 1,000 பேர்தான். கரையில் விட்டுவந்த துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் அவருக்கு இலவசமாய்க் கிடைத்தன.

பழி யார் தலையில்?

எய்ட்கன் பதவி இறக்கப்பட்டார். ஆனால் ஏகாதிபத்தியம் பழியின் பெரும்பகுதியைச் சிப்பாயின் தலையில் கட்டியது. “மதராஸிகள் போரிடத் தகுதியற்றவர்கள்” என்ற பழைய பல்லவி மீண்டும் பாடப்பட்டது. 1880களில் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் வளர்த்த “போர்க்குடி” கொள்கையின் பல்லவி இது. அந்தக் கொள்கையால்தான் மதராஸ் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன, புறக்கணிக்கப்பட்டன. முதலில் பயிற்சியை மறுத்தார்கள். பிறகு பயிற்சியில்லை என்று இகழ்ந்தார்கள்.

உண்மை என்ன? முதல் நாளில் பின்வாங்க நேர்ந்தவர்களில் “போர்க்குடி” என்று போற்றப்பட்ட ராஜபுத்திரர்களும் இருந்தார்கள். தாங்கா நகருக்குள் நுழைந்து போரிட்டவர்களில் காஷ்மீர் துப்பாக்கிப் படையினரும் இருந்தார்கள். இடப்புறத்தில் 101ஆவது கிரெனேடியர்கள் பேரிழப்பைத் தாங்கி நின்றார்கள். தோற்றது எந்தச் சாதியும் இனமும் அல்ல; சிப்பாயின் உயிரைக் கணக்கில் சேர்க்காத தலைமையே.

எதிரே நின்று சுட்டவர்களில் பெரும்பாலோர் யார்? ஜெர்மானியர் கூலிக்கு அமர்த்திய ஆப்பிரிக்க அஸ்காரிகள். பத்தாண்டுகளுக்குள்தான் அதே மண்ணில் மாஜி மாஜி எழுச்சியை ஜெர்மன் அரசு ரத்த வெள்ளத்தில் மூழ்கடித்திருந்தது. இரண்டு கொள்ளையர்களின் பங்குச் சண்டையில் இந்திய விவசாயியும் ஆப்பிரிக்க விவசாயியும் ஒருவரையொருவர் கொன்றார்கள். தாங்கா முடிந்து ஒரு மாதத்துக்குள், 1914 டிசம்பர் 2 அன்று, ஜெர்மன் நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு எதிராகக் கார்ல் லீப்னெக்ட் தனியொருவராக வாக்களித்தார். அந்த ஒற்றை வாக்கே தாங்காவில் மடிந்த இரு தரப்புச் சிப்பாய்களுக்குமான உண்மையான அஞ்சலி.

இந்தியச் சிப்பாயின் ரத்தத்துக்கு பிரிட்டன் தந்த கூலி 1919இன் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக்கும். சாவிலும் சமத்துவம் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட, பெரும்பாலும் ஆப்பிரிக்கரான 1,16,000 பேராவது பெயர் சொல்லியோ, அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர் உள்ளிட்ட பல்லாயிரவர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதையும் அதே அறிக்கை கூறியது.

இன்று காக்கிநாடா

இது பழங்கதை எனத் தள்ளிவிட முடியாது. 2016இல் மோடி அரசு அமெரிக்காவுடன் ராணுவத் தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2019 நவம்பரில் விசாகப்பட்டினம், காக்கிநாடா கடற்கரைகளில் “டைகர் டிரையம்ஃப்” என்ற பெயரில் இந்திய முப்படைகளும் அமெரிக்க மரைன்களும் கூட்டாகக் கரையிறங்கும் பயிற்சி நடத்தினர். அது பின்னரும் தொடர்ந்தது. பேரிடர் நிவாரணமே நோக்கம் என்கிறார்கள். 2004 சுனாமியின்போது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நிவாரணம் கொண்டு சென்றன. அதற்கு எந்தத் தளவாட ஒப்பந்தமும் தேவைப்படவில்லை. அரிசி மூட்டை இறக்குவதற்குப் பெண்டகனின் ஆசி எதற்கு?

அந்நியக் கரைக்கு இந்தியச் சிப்பாயை அனுப்பும் ஆசை வாஷிங்டனுக்குப் புதிதன்று. 2003இல் இராக்குக்கு ஒரு டிவிஷன் இந்தியப் படையை அது கேட்டது. வாஜ்பாய் அரசு ஊசலாடியது. இடதுசாரிகளும் ஜனநாயக சக்திகளும் நாடெங்கும் எதிர்ப்பைக் கட்டியெழுப்பினர். ஜூலையில் அரசு மறுப்புச் சொல்ல நேர்ந்தது. பாக்தாதிலிருந்து சவப்பெட்டிகள் இந்தியக் கிராமங்களுக்கு வராமல் தடுத்தது மக்கள் எதிர்ப்பே.

சீருடை அணிந்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளை நாட்டைக் காக்கவே சேர்கிறான். அவனை இன்னொரு ஏகாதிபத்தியத்தின் படகில் ஏற்றுவதற்கு எந்த அரசுக்கும் உரிமையில்லை. தளவாட ஒப்பந்தத்தைக் கைவிடு, கூட்டுப் பயிற்சிகளை நிறுத்து என்ற முழக்கம் ஒவ்வொரு கிளையிலிருந்தும் எழட்டும். இன்னொரு தாங்காவைத் தடுக்கும் வலிமை 2003இல் மெய்ப்பிக்கப்பட்டது. அது இப்போதும் மக்களின் கையில்தான் இருக்கிறது.